முட்டுக் கொடுத்த முதுகு

ஒரு வேலையை ஒரே ஒரு தடவை நன்றாகச் செய்துவிட்டால் போதும், அது நம் தலையெழுத்தாகிவிடும். அவளுக்கு அப்படி வந்து வாய்த்தது முழுக்கோழி. ஆறு வருஷத்துக்கு முன்னால், புது வீட்டுக்குக் குடிவந்த கையோடு, ஓவன் இருக்கிறதே என்ற ஆசையில் ஒரு முழுக்கோழியைச் சுட்டு வைத்தாள். சாப்பிட வந்த நாத்தனார் தொடைக்கறியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இனிமே ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு அடுப்பு எரியாது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குத்தான் இன்றுவரை வேகிறாள்.

நாத்தனார் சொன்ன சொல் தவறாதவள். ஞாயிறுதோறும் கணவனையும் வளர்ந்த பையன்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. வாய் நிறையப் பாராட்டுவாள், போகும்போது பாத்திரம்கூடக் கழுவி வைப்பாள். அவள் கணவனோ அதற்கும் மேலே, உன் கை பட்டால்தான் கோழி கோழியாகிறது என்பான். அடித்துத் திட்டி வேலை வாங்குகிறவர்களிடம் எதிர்த்துப் பேசலாம். புகழ்ந்து வாங்குகிறவர்களை என்ன செய்ய?

கோழி செய்வது அவளுக்குப் பிடிக்காது என்றும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலமே கோழியைத் துணியால் ஒற்றி ஈரம் போக்கி, உப்புத் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவாள். அப்படிக் காய்ந்தால்தான் தோல் மொறுமொறுக்கும். மறுநாள் நெஞ்சுத் தோலுக்கு அடியில் விரலைவிட்டு, கிழியாமல் பிரித்து, பூண்டு நசுக்கிய வெண்ணெயை உள்ளே தடவுவாள். வயிற்றுக்குள் ஓர் எலுமிச்சம்பழம். கால் இரண்டையும் சேர்த்து நூலால் ஒரு கட்டு. இதுவரைக்கும் கை வேலை, சந்தோஷமாகவே செய்வாள். அதற்கப்புறம்தான் முதுகின் வேலை.

அந்த ஓவன் கதவு மேலிருந்து கீழே சாய்ந்து திறக்கிற கதவு. வந்த மூன்றாம் மாதமே அதன் ஸ்பிரிங் அறுந்துபோயிற்று. சாத்தினால் நிற்காது, நாலு விரல் இறங்கி வாயைப் பிளந்துகொள்ளும், உள்ளே இருக்கிற சூடெல்லாம் வெளியே. கம்பியால் கட்டிப் பார்த்தாள், கால் மணிக்கு ஒரு தடவை திறந்து கொழுப்பை மொண்டு ஊற்ற வேண்டிய வேலையில் கட்டவும் அவிழ்க்கவுமே பொழுது போயிற்று. மாவு டின்னை முட்டுக் கொடுத்தாள், வழவழத் தரையில் அது சறுக்கிக்கொண்டு போனது. கடைசியில் ஒரு முக்காலியைப் போட்டு, மடித்த துண்டை முதுகுக்குக் கொடுத்து, கதவில் சாய்ந்து உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் காலை ஊன்றிக்கொண்டாள். சமையலறை அவ்வளவு குறுகல், கால் சரியாக எட்டியது. கதவு அசையவில்லை.

பெருமை தாங்கவில்லை அவளுக்கு. கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஆளைக் கூப்பிடலாமா என்று அவன் கேட்டதற்கு, "இதுக்குப் போயி ஆளா? நான்தான் இருக்கேனே" என்று தன் வாயாலேயே சொன்னாள். யானை தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது என்பார்களே, அது இதுதான். அதற்கப்புறம் அந்தக் கதவைப் பற்றி அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கதவுதான் சாத்திக்கொண்டிருக்கிறதே, பேச என்ன இருக்கிறது?

அவளுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். நீராவி இஸ்திரி எந்திரத்துக்கு முன்னால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் நின்று படுக்கை விரிப்புகளை அழுத்தித் தள்ள வேண்டும். வாரத்தில் ஆறு நாள் முன்பக்கம் வேகும், ஏழாம் நாள் பின்பக்கம். இதை அவளே சொல்லி அவளே சிரிப்பாள். கிழிசல் தைக்கிற தோழி ஒருத்தி உண்டு, சட்டைக் காலரில் எப்போதும் ஏழெட்டு ஊசி குத்தியிருப்பதால் அவளுக்குக் குண்டூசி என்றே பேர். உடை மாற்றும்போது குண்டூசிதான் அந்த முதுகை முதலில் பார்த்தவள். இடுப்புக்கு மேலே, தோலுக்கு அடியில் வலை விரித்த மாதிரி பழுப்புக் கோடுகள். என்னடி இது என்று பதறினாள். கோழிடி என்றாள் இவள்.

அந்த முதுகு நிமிர ஒரு வழி வந்தது. மேற்பார்வை பார்த்த அம்மா ஓய்வு பெற்றுவிட்டாள், அந்த இடத்துக்கு இவளைப் போடலாம் என்று பேச்சு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி. அதைவிடப் பெரிய விஷயம், அந்த வேலைக்கு வார விடுமுறை புதன்கிழமை. ஞாயிறு கட்டாயம் வந்தாக வேண்டும். கட்டாயம் என்ற சொல்லை அவள் வாழ்க்கையில் முதல்தடவையாக ஆசையோடு சொல்லிப் பார்த்தாள். தலைமை அலுவலகத்து மேடம் வருகிற ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு வருகிறார், நேரில் பார்த்துப் பேசி அங்கேயே கையெழுத்து வாங்கிக்கொள்வார், தாமதிக்காதே என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால், அப்போ ஞாயித்துக்கிழமை கோழி என்று ஒரு கேள்வி வரும். கையெழுத்துப் போட்ட பிறகு சொன்னால் கேள்வியே கிடையாது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. வழக்கம்போல் பத்து மணிக்குக் கோழி உள்ளே, பன்னிரண்டுக்கு வெளியே, பன்னிரண்டரைக்கு அவர்கள் சாப்பிட உட்காரும்போது ஒரு சாக்குச் சொல்லிவிட்டு அவள் பஸ்ஸில்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குப் போன் வந்தது. கணவன் எடுத்தான். ஆகட்டும்க்கா, ஆகட்டும்க்கா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தான். அக்கா வீட்டில் யாரோ வந்திருக்கிறார்கள், வர இரண்டு மணி ஆகும், கோழியைப் பன்னிரண்டுக்கு மேல் வைத்தால் போதும் என்றான். சீக்கிரமாகச் செய்து வைத்துவிட்டுச் சூடுபண்ணிக்கொண்டால் என்ன என்று கேட்டுப் பார்த்தாள். தோல் தொய்ந்துபோகுமே, நீதானே சொல்லுவாய் என்று சிரித்தான். ஆமாம், அவள்தான் சொல்லுவாள்.

பன்னிரண்டுக்குக் கோழி உள்ளே போயிற்று. முக்காலியில் உட்கார்ந்து காலைச் சுவரில் ஊன்றினாள். சுவரில் அவள் பாதம் பட்டுப் பட்டு இரண்டு கருத்த தடங்கள் இருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு இருபதுக்கு, அன்றைக்கு முறை வேலையில் இருந்த குண்டூசி போனில் கூப்பிட்டாள்.

"மேடம் வந்தாச்சு. ஒரு மணிக்கு மேல ஒரு நிமிஷம் இருக்க மாட்டாங்களாம். எங்கடி இருக்க?"

"கிளம்பிட்டேன்" என்றாள் இவள், கதவில் சாய்ந்தபடியே.

பிறகு கணவனைக் கூப்பிட்டாள். அவசரமாகச் சலவைக்கூடத்தில் கூப்பிடுகிறார்கள், போய்விட்டு வந்துவிடுகிறேன், கொஞ்சம் இதில் உட்காருங்கள் என்றாள். அவன் மறுக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். இதென்ன பெரிய விஷயம், போயிட்டு வா என்று முக்காலியில் உட்கார்ந்தான். துண்டைச் சரிபண்ணி வைத்தாள். எப்போது கொழுப்பு ஊற்ற வேண்டும், எப்போது திருப்பிப் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். நல்ல புடவையாக ஒன்றைச் சுற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

வெயில் கொளுத்தியது. அவளுக்கு அது தெரியவே இல்லை, முதுகில் காற்றுப் பட்டுக்கொண்டிருந்தது. பஸ் தெருமுனையில் திரும்புவது தெரிந்தபோது போன் அடித்தது.

"ஏம்மா, முதுகு காந்துது. இன்னும் எவ்வளவு நேரம் இப்படி இருக்கணும்?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்குங்க."

"ஒரு மணி நேரமா? மனுஷன் உக்கார முடியுமா இதுல?" நிஜமாகவே திகைத்துப்போய்க் கேட்டான். "நீ வர்ற வரைக்கும் அணைச்சு வெச்சிடட்டுமா?"

பஸ் வந்து நின்றது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். அணைத்தால் கோழி வெளியே காய்ந்து உள்ளே ரத்தமாக நிற்கும். இரண்டு மணிக்கு ஐந்து தட்டுகள். நாத்தனார் கத்தியை வைத்து அழுத்துவாள், என்னம்மா இது என்று நிமிர்ந்து பார்ப்பாள். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. யாரும் சாகப் போவதில்லை. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கால் படியில் ஏறவில்லை. கண்டக்டர் வர்றீங்களா இல்லையா என்று கேட்டார். இல்லை என்று அவள் வாய் சொன்னது.

"அணைக்காதீங்க. வந்துட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டுத் திரும்பினாள். யாரும் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரவில்லை. தன் மேலேயே அவளுக்கு வந்த ஆத்திரத்தில் தெருவில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அன்றைக்குக் கோழி என்றுமில்லாத பதத்தில் வந்ததாம். தோல் அப்பளமாக நொறுங்கியதாம். நாத்தனார் சொன்னாள். அவள் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை.

திங்கட்கிழமை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் குண்டூசி உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி அடிக்கிற வரை மேடம் கடிகாரத்தைப் பார்த்தாராம், அப்புறம் பக்கத்தில் நின்றவளைப் பார்த்து, நீ இங்க எத்தனை வருஷம் என்று கேட்டாராம். "உனக்கு வந்ததுடி. நான் சும்மா நின்னுட்டிருந்தேன்" என்று சொல்லிக் குண்டூசி அழுதாள். நின்றிருந்தாயே, அதுதான் என்று சொல்லத் தோன்றியது இவளுக்கு. சொல்லவில்லை. நல்லா இரு என்றாள், மனசாரவே. போய் எந்திரத்துக்கு முன்னால் நின்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கணவன் வாசலிலேயே காத்திருந்தான். கண்ணை மூடு என்றான். சமையலறைக்குக் கூட்டிப்போய் ஓவன் கதவைத் திறந்து விட்டான். கதவு தானாக ஏறி, டக்கென்று சாத்திக்கொண்டது. காலையில் ஆளைக் கூட்டி வந்தானாம். சின்ன ஸ்பிரிங், கால் மணி நேர வேலை.

"அப்பா, என்ன சூடு அது. இவ்வளவு சுடும்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே ஆளைக் கூப்பிட்டிருப்பேனே" என்றான். நேற்றிலிருந்து தன் முதுகில் அவன் களிம்பு போட்டுக்கொண்டிருந்தான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள். அவன் உட்கார்ந்தது மொத்தம் கால் மணி நேரம்.

அவள் புடவைத் தலைப்பை விலக்கி, ரவிக்கையை லேசாகத் தூக்கி, முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

அவன் குனிந்து பார்த்தான். பிறகு களிம்பை எடுத்து வந்தான். அது இதற்குக் கேட்காது, போட்டும் பிரயோசனமில்லை என்றாள். நேற்று எதற்காகக் கிளம்பினாள் என்பதையும், பஸ் நின்றதையும், குண்டூசியின் நாற்காலியையும் அப்போதுதான் சொன்னாள். அழாமல் சொல்லி முடித்தாள். "நீ போயிருக்கலாமே, நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனே" என்றான் அவன். அது உண்மை. அந்த உண்மைதான் அவளை அழவைத்தது.

அடுத்த ஞாயிறு வந்தது. நாத்தனார் வீட்டார் பன்னிரண்டரைக்கு வருவார்கள். கோழியை உள்ளே வைத்துக் கதவைத் தள்ளினாள். டக். இனி இரண்டு மணி நேரம் அவளுடையது. கொழுப்பை ஊற்ற வேறு யாராவது போதும், எங்கே வேண்டுமானாலும் போகலாம். கூடத்துக்குப் போனாள், உட்காரப் பிடிக்கவில்லை. வாசலுக்குப் போனாள், போக இடம் இல்லை. போன வாரம் இதே இரண்டு மணி நேரம் ஒரு நாற்காலியாக இருந்தது, மின்விசிறியாக இருந்தது. இன்றைக்கு வெறும் இரண்டு மணி நேரம். இதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

திரும்ப வந்து முக்காலியை அதன் இடத்தில் போட்டு உட்கார்ந்தாள். துண்டு இல்லை. கதவில் சாயவும் இல்லை. காலை மட்டும் அந்த இரண்டு தடங்களின் மேல் ஊன்றிக்கொண்டாள். முதுகுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.

வாசனை கூடத்துக்குப் போயிருக்க வேண்டும். "வெந்துடுச்சா?" என்று கணவன் அங்கிருந்தே கேட்டான்.

ஆறு வருஷமாக அவள் பதில் சொன்ன கேள்வி. எழுந்து, கதவைத் திறந்து, தொடையில் கத்தி முனையைக் குத்தி, வழிகிற நீர் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் எழுந்திருக்கவில்லை.

"கதவு இப்போ நல்லாத்தானே இருக்கு" என்றாள். "வந்து நீங்களே தொறந்து பாருங்க."

 கூடத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவன் வந்து சமையலறை வாசலில் நின்றான். அவள் உட்கார்ந்திருந்ததால் உள்ளே வர வழியில்லை. ஊன்றியிருந்த காலை அவள் சுவரிலிருந்து எடுத்தாள்.