தம்பிக்கெண்டு திருத்தின அறை

சாவை மறைக்கிறதிலை எங்கடை சனத்தை வெல்ல ஆளில்லை. வெளிநாட்டிலை தனிய இருக்கிற ஆளுக்கு நாங்கள் இழவுச் செய்தி சொல்லமாட்டம். முதல் "கொஞ்சம் சுகமில்லை" எண்டு எழுதுவம், பிறகு "ஆஸ்பத்திரியிலை" எண்டு எழுதுவம், ஆளை நேரிலை கண்டாப் பிறகுதான் கட்டிப்பிடிச்சு அழுது உண்மையைச் சொல்லுவம். அதை அன்பிலை செய்யிறது எண்டுதான் நானும் நினைச்சிருந்தனான். என்ரை பிள்ளையின்ரை சாவை என்ரை மனுசனுக்கு ஒண்டரை வருசம் மறைச்சனான். அதைச் சொல்லத்தான் இதை எழுதிறன்.

இவர் டென்மார்க்குக்குப் போகேக்கை மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நாலு. மகனை நாங்கள் தம்பி எண்டுதான் கூப்பிடுறது. அகதியா ஏற்றுக்கொண்ட உடனை இவர் எங்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டார். "சட்டத்திலை இடமிருக்கு, கொஞ்ச மாதத்திலை வந்திடலாம்" எண்டு எழுதினார். அதை நம்பி நான் சூட்கேஸ் கூட வாங்கி வைச்சிட்டன். மாதக்கணக்காப் போச்சுது, ஒரு மறுமொழியும் இல்லை. அங்கை ஒரு மந்திரி எங்கடை சனத்தின்ரை விண்ணப்பங்களைத் தொடாமல் கிடப்பிலை போட்டு வைச்சிருந்தது எங்களுக்கு எப்பிடித் தெரியும்? பிறகு விசாரணை எல்லாம் நடந்து அரசாங்கமே கவிழ்ந்தது. நான் அதை டென்மார்க்குக்கு வந்தாப் பிறகு, பிராண்டே எண்ட ஊரிலை, எங்கடை வீட்டு ரீவியிலை பாத்துத்தான் அறிஞ்சனான். மொழி அரைகுறையா விளங்கின காலம். விளங்கின அளவுக்கே வாயிலை வந்தபடி திட்டினன்.

தம்பிக்குக் காய்ச்சல் வந்தது ஊரடங்கு நாளிலை. அப்ப யாழ்ப்பாணத்திலை இந்தியன் ஆமி நிண்டது. ரோட்டிலை தலைகாட்ட ஏலாது. வீட்டிலை கிடந்த குளிசையைக் குடுத்து, ஈரத்துணி போட்டுப் போட்டுப் பாத்தம். நாலாம் நாள் காலமை ஊரடங்கை எடுத்தாங்கள். அதுக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே பிள்ளை போயிட்டான். ஆறு வயது.

செத்து எட்டாம் நாள், எட்டுச்செலவு அண்டு, இவற்றை தமையன், எனக்கு அத்தான் முறை, சொந்தக்காரர் எல்லாரையும் வைச்சுக்கொண்டு சொன்னார்: "தம்பியின்ரை விசயம் அவனுக்குத் தெரியக்கூடாது. தனிய இருக்கிறான், ஏதும் செய்துபோட்டா ஆர் பாக்கிறது? விசா இண்டைக்கோ நாளைக்கோ வந்திடும். பிள்ளை, நீ போய் நேரிலை சொல்லு." எல்லாரும் "ஓம், அதுதான் சரி" எண்டினம். எனக்கும் சரியாத்தான் பட்டுது. எல்லாம் ரெண்டு மூண்டு மாதத்துக்குத்தானே எண்டு நினைச்சன். எனக்கு மூளை இல்லாமல் போச்சு.

அடுத்த கிழமை இவற்றை கடிதம் வந்தது. பிராண்டேயிலை ஒரு பழைய வீட்டின்ரை மேல்மாடியை வாடகைக்கு எடுத்திட்டாராம். ஒரு சின்ன அறை மிச்சமா இருக்காம். இவரோடை ஃபாக்டரியிலை வேலை செய்யிற ஒரு டெனிஷ் மனுசன் விளையாட்டு ரெயில் கட்டிறதிலை பைத்தியமாம். தன்ரை பழைய தண்டவாளம், எஞ்சின், பெட்டியள் எல்லாம் தாறன் எண்டு சொல்லியிருக்கிறாராம். "தம்பி ரெயில் எண்டா சோறு தண்ணியும் கேக்கமாட்டானே. அந்த அறை முழுக்க அவனுக்கு ரெயில் ஓட விடப்போறன். என்ன நிற எஞ்சின் வேணும் எண்டு அவனிட்டைக் கேட்டு எழுதும்."

மூண்டு நாள் அந்தக் கடிதத்துக்குக் கிட்டவே போகேல்லை. நாலாம் நாள் இருந்து எழுதினன்: "தம்பிக்குப் பச்சை எஞ்சின்தான் வேணுமாம்."

அதோடை பிடிச்ச பொய்தான். அவர் கேக்கக் கேக்க நானும் எழுதினன். தம்பிக்குப் பாலம் வேணுமாம், மலை வேணுமாம், மலைக்குள்ளாலை ரெயில் போகவேணுமாம். ஒருக்கா, "அவன்ரை கையாலை ஒரு வரி எழுதுவிச்சு அனுப்பும்" எண்டு கேட்டிருந்தார். மகள் இடது கையாலை கோணல் மாணலா "அப்பா கெதியா வாறன்" எண்டு எழுதித் தந்தாள். எழுதிப்போட்டு எழும்பிப் போய்க் கிணத்தடியிலை இருந்தாள். ஒரு பிள்ளையிட்டைச் செய்விக்கிற வேலையே அது? அவளுக்கு இப்ப ஐம்பதுக்குக் கிட்ட. அந்தக் கதையை எடுத்தால் டெனிஷிலை ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு அங்காலை போயிடுவாள்.

ஒரு உண்மையையும் சொல்லவேணும். பொய் எழுதிற குற்றம் நெஞ்சை அரிச்சதுதான். ஆனா அந்தக் கடிதம் எழுதிற நேரம் மட்டும் என்ரை பிள்ளை உயிரோடை இருந்தான். ஏழு வயதாகி, பல்லு விழுந்து, கணக்கிலை கெட்டிக்காரனாகி, இன்னும் பெரிய ரெயில் கேட்டான். அதுக்காகவே நான் இவற்றை கடிதத்தைப் பாத்துக்கொண்டு இருந்தனான்.

அங்கை இவர் அறையைத் திருத்தத் தொடங்கிட்டார். டெனிஷ் மனுசன் முதலே சொல்லிப்போட்டாராம், ஈர அறையிலை தண்டவாளம் வைச்சால் கறள் பிடிக்கும், தூசி விழுந்தால் எஞ்சின் ஓடாது, அதாலை முதல் அறை, பிறகுதான் ரெயில் எண்டு. சுவரிலை ஒண்டுக்கு மேலை ஒண்டா மூண்டு பட்டைச் சுவர்த்தாள். தண்ணி தெளிச்சு, ஊறவிட்டு, தகட்டாலை சுரண்டிச் சுரண்டி உரிச்சாராம். வெளிச்சுவர்ப் பக்கம் கறுப்பாப் பூஞ்சணம். அதைக் கொத்தி எடுத்து, கிழமைக்கணக்கா ஹீற்றர் போட்டுக் காயவிட்டு, திரும்பப் பூசி, ஜன்னல் ஓட்டை எல்லாம் அடைச்சு, அதுக்குப் பிறகுதான் நீலப் பெயின்ற். வானத்துக்கு மூலை இருக்கக்கூடாதாம், அதுக்காக அறை மூலையளிலை மெல்லிய பலகையை வளைச்சு அடிச்சாராம். பிறகு மேசை, வயர், கோழிக்கூட்டுக் கம்பியும் பழைய பேப்பரும் வைச்சு மலை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபோட்டோ வரும். பின்பக்கத்திலை "தம்பிக்குக் காட்டும்" எண்டு எழுதியிருக்கும்.

இதிலை இன்னொரு கொடுமை இருக்கு. இவரோடை நிண்டு சுவர் சுரண்டின, பெயின்ற் அடிச்ச எங்கடை ஊர்ப் பெடியனுக்குத் தம்பி செத்தது தெரியும். அவனுக்கு அவன்ரை வீட்டாலை எழுதியிருந்தினம், வாய் திறக்காதை எண்டும் எழுதியிருந்தினம். டென்மார்க்கிலையே கோல்டிங் எண்ட ஊரிலை இருந்த இவற்றை மச்சானுக்குத் தெரியும். சில்க்போர்க்கிலை இருந்த குடும்பத்துக்கும் தெரியும். வந்து பாத்து, "தம்பி குடுத்து வைச்சவன்" எண்டு சொல்லிப்போட்டுப் போவினமாம். அந்தப் பெடியன் பிறகு எனக்குச் சொன்னான்: "அக்கா, சுவர் தேய்க்கேக்கை நல்லாப் புழுதி பறக்கும். நான் அதைச் சாட்டித்தான் அழுதனான்."

கடைசியா விசா வந்தது. மூண்டு பேருக்கு. விண்ணப்பத்திலை இருந்தபடியே அம்மா, மகள், மகன். நான் தூதரகத்துக்கும் சொல்லேல்லை, சொன்னால் அவருக்குக் கடிதம் போயிடும் எண்ட பயம். சாகிறதுக்கு முந்திக் கேட்ட விசா, செத்து ஒண்டரை வருசத்தாலை என்ரை பிள்ளைக்குக் கிடைச்சுது. அந்தத் தாளைக் கையிலை வைச்சுக்கொண்டு நான் சிரிச்சனாம். அக்கம் பக்கத்துச் சனம் பயந்து போச்சுதாம்.

நாங்கள் வந்து இறங்கினது மாசிக் குளிருக்குள்ளை. விமான நிலையத்திலை இவரோடை எங்கடை சனம் ஏழெட்டுப் பேர் நிண்டினம். இவற்றை கையிலை மூண்டு ஜக்கெற். ஓடி வந்து எனக்கு ஒண்டைப் போட்டுவிட்டார், மகளுக்கு ஒண்டைப் போட்டுவிட்டார். எனக்குப் பின்னாலை எட்டிப் பாத்தார்.

"தம்பி எங்கை? பாத்றூமுக்குப் போட்டானோ?"

வழி முழுக்க மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததை விட்டிட்டு, அவர் கையிலை மிஞ்சின சின்ன ஜக்கெற்றை வாங்கினன். அந்த ஊர்ப் பெடியன்தான் முதல் விம்மினான். பிறகு எல்லாரும். இவர் திரும்பி ஒவ்வொருத்தரின்ரை முகமாப் பாத்தார்.

"உங்கள் எல்லாருக்கும் தெரியுமோ?" எண்டார்.

பிராண்டே வரைக்கும் காருக்குள்ளை அவர் என்னை ஏசேல்லை. அழவும் இல்லை. அடிச்சிருந்தாலோ ஏசியிருந்தாலோ எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். வீட்டுக்கு வந்த உடனை நேரே மேலை போனார். நானும் பின்னாலை போனன். அந்த அறைக் கதவைத் திறந்து லைற்றைப் போட்டார். ஃபோட்டோவிலை பாத்ததை விட வடிவு. பாழாய்ப்போன வடிவு.

"எப்ப?" எண்டு கேட்டார்.

மாதத்தைச் சொன்னன். கையாலை சுவரைத் தடவினார்.

"அப்ப நான் சுவர்த்தாள் கூட உரிக்கத் தொடங்கேல்லை."

அவர் மேசையிலை கையை ஊண்டிக்கொண்டு, என்னைப் பாக்காமல் கேட்டார்: "நீர் எழுதினதிலை ஒண்டாவது அவன் கேட்டதோ? எப்பவாவது, உயிரோடை இருக்கேக்கை? ஒண்டு இருந்தாக் காணும். சொல்லும்."

நான் மேசையைப் பாத்தன். பச்சை எஞ்சின், பாலம், மலை, ஸ்டேசன். ஸ்டேசனுக்குப் பக்கத்திலை, புல்லு ஒட்டின இடத்திலை, விரல் நுனி அளவிலை ஒரு மாடு.

"அந்த மாடு," எண்டன். "ஸ்டேசனடியிலை மாடு மேயவேணும் எண்டு ஒருக்காச் சொன்னவன்."

அப்பதான் மனுசன் அழுதார். மாட்டைப் பிடுங்கிக் கையுக்குள்ளை பொத்தி வைச்சுக்கொண்டு, மேசையிலை தலையைச் சாய்ச்சு, பிள்ளையைப் பறிகுடுத்த தேப்பன் அழவேண்டிய மாதிரி அழுதார். அடுத்த கிழமை டெனிஷ் மனுசன் வந்து தண்டவாளம் எல்லாத்தையும் கழட்டிக்கொண்டு போனார். விசயம் தெரியவந்தாப் பிறகு அந்த மனுசனும் அழுதுகொண்டுதான் கழட்டினார். அந்த அறையிலை மகளுக்குக் கட்டில் போட்டம்.

மாட்டை மட்டும் இவர் குடுக்கேல்லை. பேர்ஸுக்குள்ளை வைச்சுக் கொண்டு திரிஞ்சார். ரெண்டு பேர்ஸ் கிழிஞ்சு மூண்டாவதுக்கு மாறியாச்சு, மாட்டின்ரை கொம்பு ரெண்டும் தேய்ஞ்சு போச்சு. பேரப்பிள்ளையளுக்கு எடுத்துக் காட்டி, "இது உங்கடை மாமா கேட்டது" எண்டு சொல்லுவார். நான் பக்கத்திலை இருந்து ஓம் எண்டு தலையாட்டுவன்.

அதையும் நான்தான் இட்டுக்கட்டி எழுதினனான்.