மெர்சி காதில் இருந்த பஞ்சு

குழந்தைகளே, என் மகள் மெர்சிக்குப் பலத்த சத்தம் ஆகாது. வாய் திறந்து சொல்லவும் தெரியாது. இதைச் சொன்னால் சேர்க்க மாட்டார்களோ என்று பயந்து, சொல்லாமலே சர்ச்சின் ஞாயிறு வகுப்பில் விட்டேன். இரண்டாம் வாரத்திலிருந்து காதில் பஞ்சோடு வீட்டுக்கு வந்தாள்.

"டீச்சர்தான் அடைச்சாக, மாமா" என்றாள் அதே வகுப்புக்குப் போகும் பக்கத்து வீட்டுச் சிறுமி.

பாடம் கேட்கவிடாமல் ஒதுக்குகிறார்களோ? அடுத்த ஞாயிறு சன்னலோரம் ஒளிந்து பார்த்தேன். பாட்டுக்கு டிரம் முழங்கியது. மெர்சி சிரித்துக்கொண்டே கைதட்டினாள். டீச்சர் என்னைப் பார்த்துவிட்டார்.

"என்னண்ணே, வேவு பாக்குறீகளா? மொத வாரம் டிரம் சத்தத்துக்குப் பிள்ள அம்புட்டு அழுகை. அதான் பஞ்சு வச்சோம். முன்னாடியே சொல்லப்படாதா?"

அந்த அழுகைக்குக் காரணம் நான்தான். இப்போதெல்லாம் எங்கே சேர்த்தாலும், அவள் பெயரோடு அவளுக்கு ஆகாததையும் சொல்லிவிடுகிறேன்.