விருத்தாம்பாள் கவுத்த ஐஸ் பொட்டி

சிதம்பரத்துல கீழ வீதிக்குப் பின்னால தில்லைநாதன் வீடு. அந்த வீட்டு ஐஸ் பொட்டிக்கு ஆத்தா வந்து உசுரு குடுத்த கத தெரியாதவன் ஊர்ல எவனும் கெடையாது. செத்துப்போன பொட்டிய அவன் பொண்டாட்டி விருத்தாம்பாள் அருள் வந்து, தலமயிர விரிச்சிகிட்டு, ஒத்தக் கையால தூக்கித் தலகீழா நட்டாளாம். மறுநாள் உள்ள பூரா ஐஸாம். பரங்கிப்பேட்ட போறதுக்குள்ள ஒத்தக் கை சுண்டுவெரலா ஆயிடுச்சி. கடலூர் போய்ச் சேர்றப்ப அவ தொடவே இல்ல, ஒரு பார்வ பாத்தா, பொட்டி தானா குட்டிக்கரணம் போட்டுதுன்னாங்க.

இதெல்லாம் வேல வெட்டி இல்லாதவன் பேச்சு. நடந்தது வேற. அதச் சொல்லணும்னா மொதல்ல தில்லைநாதனப் பத்திச் சொல்லணும். வாய் கொஞ்சம் கசக்கும், பரவால்ல.

வெள்ளக்காரன் மூட்ட கட்டுன வருஷம் அது. கடலூர் மஞ்சக்குப்பத்துல பங்களா பங்களாவா சாமான ஏலம் போட்டாங்க. தில்லைநாதனுக்கு அப்பன் விட்டுட்டுப் போன குத்தக நெல்லு உண்டு, உத்தியோகம் கெடையாது. ரயிலேறிப் போய் ஏலத்துல நிக்கறதுதான் உத்தியோகம். ஊசியில்லாத கிராமபோன் ஒண்ணு வாங்கியாந்தான். அது பாடாது, தெனம் தொடைப்பான். தொப்பி மாட்டற மரம் ஒண்ணு வந்துச்சி. அவன்கிட்ட தொப்பி கெடையாது, கோவணந்தான் அதுல காஞ்சுது. தொரை குளிச்ச பீங்கான் தொட்டி ஒண்ணு வந்துச்சி, அதுல விருத்தாம்பாள் வெத நெல்லு ஊற வச்சா. வெள்ளக்காரன் கழிச்சிக் கட்டுனத எடுத்தாந்து வச்சிட்டா தானும் பாதி வெள்ளக்காரன்னு அவனுக்கு நெனப்பு. நெறந்தான் ஒத்து வரல.

விருத்தாம்பாள் குறிஞ்சிப்பாடிக்காரி. சம்சாரி வூட்டுப் பொண்ணு. சீரா வந்த மாட்டோட வயித்துல பொறந்தது செவல. நெத்தியில ஒரு வெள்ளப் பொட்டு, அவளத் தவிர யாரையும் மடியில கை வைக்க விடாது. குத்தக நெல்லு ஏலத்துக்குப் போயிடும், அந்த வீட்ல ரெண்டு வேள அடுப்பெரிஞ்சது செவல குடுத்த மோருல, தயிருலதான். இது ஊருக்கே தெரியும், தில்லைநாதனுக்கு மட்டும் தெரியாது.

அண்ணன் புள்ளைக்குக் காது குத்துன்னு அவ குறிஞ்சிப்பாடி போயிட்டு வந்தா. கொட்டாயில மாடு இல்ல. கூடத்துல ஆளு ஒசரத்துக்கு வெள்ள வெளேர்னு ஒரு பொட்டி நிக்குது. மாட்டப் புவனகிரி ராமாமிர்தத்துகிட்ட வித்துட்டு, தொரை வீட்டு பட்லர்கிட்ட இத வாங்கியாந்திருக்கான்.

"கிருஷ்ணாயில்ல ஓடுது. அடியில தீ, உள்ள ஐஸ். இனிமே பால் கெடவே கெடாது" ன்னான்.

"எந்தப் பால்?" ன்னா அவ.

அவன் கதவத் தொறந்து வெறும் தட்டக் காட்டுனான். புத்தி இருந்தா மாட்ட வித்திருப்பானா.

அவ அன்னிக்கே புவனகிரிக்கு நடந்து போனா. ராமாமிர்தம் கெட்ட மனுஷன் இல்ல. "பொங்கலு வரைக்கும் கட்டி வைக்கிறம்மா. குடுத்தத குடுத்துட்டு ஓட்டிகிட்டுப் போ. அதுக்கு மேலன்னா சந்தைக்குப் போயிடும்" ன்னு சொல்லிப்புட்டாரு. அப்பவே மார்கழி பொறந்துடுச்சி.

பொட்டி கதைக்கு வருவம். அத சமமா நிறுத்து, பின்பக்கம் செவுத்துல ஒட்டாம வையி, கதவ சும்மா சும்மா தொறக்காதேன்னு பட்லரு படிச்சிப் படிச்சி சொல்லியிருக்கான். தில்லைநாதன் அப்ப பளபளன்னு இருந்த கதவுல தன் மீசயப் பாத்துகிட்டு இருந்தான். வீட்டுக்கு வந்ததும் தெருவுல போறவன் கண்ணுக்குத் தெரியணும்னு முத்தத்து ஓரத்துல செங்கல்லு அடுக்கி அது மேல ஏத்துனான். ஒரு பக்கம் முழுக் கல்லு, இன்னொரு பக்கம் கல்லு பத்தாம அரக் கல்லு. பொட்டி குடிகாரன் மாதிரி முத்தத்துப் பக்கம் சாஞ்சி நின்னுது. பின்னாடி பொக போற எடத்துல பூமால சாத்துனான்.

வந்தவனுக்கெல்லாம் கதவத் தொறந்து காட்டணும். புள்ள பொறந்த வீட்டுக்கு வர்ற மாதிரி சனம் வந்துச்சி. ஒவ்வொருத்தனும் கைய உள்ள விட்டு, "ஆமா, சில்லுனுதான் இருக்குது" ன்னுட்டுப் போவான். கொதிக்கக் கொதிக்க ரசத்த உள்ள வச்சான் ஒரு நாளு, ஆறட்டும்னு. தீ எரிஞ்சாத்தான் ஐஸுங்கறது அவன் மண்டயில ஏறவே இல்ல. தீயக் கொறச்சா இன்னும் குளிரும்னு திரிய எறக்கி எறக்கி, அணையப் போறப்ப ஏத்தி ஏத்தி, கடைசியில அது கரிப்பொக கக்கிச்சி. கூடம் பூரா ஒட்டட. ரேஷன்ல வாங்குன கிருஷ்ணாயில் பூரா அதுக்கே போச்சி, வீட்டுக்கு வெளக்கு இல்ல. பொட்டி பத்து நாளு குளிந்துது, அப்புறம் நின்னுடுச்சி. உள்ள வச்ச கத்திரிக்கா வெளிய வச்சதவிட சீக்கிரம் அழுவுச்சி.

அந்த நேரத்துல பரங்கிப்பேட்டயிலேருந்து மளிகக் கட மரைக்காயரு வந்து பாத்தாரு. குளிரா இருந்தா என்னா, சூடா இருந்தா என்னா, எலி நொழையாத பொட்டி, ஏலக்கா கிராம்பு வச்சிக்கலாம், மாட்டு வெல தர்றேன்னாரு. விருத்தாம்பாளுக்கு நெஞ்சுல பால் வார்த்த மாதிரி இருந்துச்சி. தில்லைநாதன் ஒத்துக்கல. உசுரு இருக்குது மாமா, நாளைக்குக் குளிரும்னான். தெனம் இதான் பேச்சு. அவன் சொல்ற நாளைக்கி வர்றதுக்குள்ள பொங்கலு வந்துடும்னு அவளுக்குத் தெரிஞ்சிபோச்சி. உசுரு இருக்குதுன்னாத்தான விக்க மாட்டான்? இல்லன்னா?

பட்லரக் கேக்கறன்னு அவன் கடலூருக்கு ரயிலேறுன காலையில, மொதல்ல வெளக்க ஊதி அணச்சா. எண்ண டப்பாவ உருவி வெளிய வச்சா, வீட்டக் கொளுத்தறதுக்கு அவளுக்கு என்னா பைத்தியமா. அப்புறம் உலக்கைய எடுத்து முழுக் கல்லுப் பக்கம் சொருவி ஒரு நெம்பு நெம்புனா. ஏற்கனவே சாஞ்சி நின்ன பொட்டி நேரா முத்தத்துல எறங்கி, கால மேல தூக்கிகிட்டுத் தலகீழா நின்னுச்சி.

மதியத்து ரயில்ல வந்த தில்லைநாதன் பாத்தான். பொட்டி தலகீழா. பக்கத்துல பொண்டாட்டி, முடி அவுந்து, நெத்தியெல்லாம் கரி, கரிப்பொக பட்டு கண்ணு செவசெவன்னு, கையில உலக்க. யாரு தள்ளுனதுன்னு ஒரு தடவ கேட்டான். உலக்கையப் பாத்தான். ரெண்டாந் தடவ கேக்கல. அவ்ளோ பெரிய வீரன்.

மறுநாளு வண்டி அனுப்பச் சொல்லி மரைக்காயருக்கு ஆளு போச்சி. நாலு பேரு வந்து பொட்டிய நிமித்தி, வண்டியில ஏத்த வாகா முத்தத்துத் தரையிலயே சமமா நிறுத்திட்டுப் போனாங்க. இவனுக்கு மனசு கேக்கல. சாவறவன் வாயில பால் ஊத்தற மாதிரி கடைசியா ஒரு தடவ எண்ண ஊத்தி வெளக்க ஏத்துனான்.

விடிஞ்சி பாத்தா உள்ள ஐஸ்.

குளிர வைக்க உள்ள ஓடற சரக்கு எங்கயோ அடச்சிகிட்டு இருந்திருக்கு, தலகீழா நின்னதுல அடப்பு விட்டுடுச்சி, அப்புறம் சமமா நின்னுது, காத்து கெடச்சிது, ஓடிச்சி. இது பின்னால பட்லரு சிரிச்சிகிட்டு சொன்னது. விருத்தாம்பாளுக்கு அதெல்லாம் தெரியாது. ஒரு துண்டு ஐஸ எடுத்து உள்ளங்கையில வச்சிகிட்டுக் கை மரத்துப்போற வரைக்கும் நின்னா. மரைக்காயரு வண்டி வெறுமன திரும்பிப் போச்சி.

பொண்டாட்டி உலக்கையால நெம்பிக் கவுத்தான்னு தில்லைநாதன் வெளிய சொல்ல முடியுமா? ஆத்தா வந்தான்னு சொன்னான். அதுல அவனுக்கும் கொஞ்சம் பெரும ஒட்டிக்கும் பாரு. சனம் கற்பூரத்தோட வந்துடுச்சி. ஓடாத கடியாரம், காத்து நிக்காத சைக்கிளு, வேலைக்குப் போவாத மருமவன், எல்லாத்தயும் கொண்டாந்து அவ முன்னால நிறுத்துனாங்க. அவ பாட்டுக்குக் கூடத்து ஒட்டடய அடிச்சிகிட்டு இருந்தா.

போகிக்கு மொத நாளு தெருக்கோடியில ஒரு மாடு கத்துச்சி. அவ நிமிந்து பாத்தா. ராமாமிர்தம் செவலயப் புடிச்சிகிட்டு வர்றாரு, முட்டியில ஒத வாங்கி நொண்டிகிட்டு. மாடு அங்க போனதுலேருந்து ஒழுங்கா கறக்க விடல. வித்த வீட்லயே ஆத்தா எறங்கியிருக்கான்னா அவ கோவந்தான் மாட்டு மேல நிக்குதுன்னு மனுஷன் நடுங்கிட்டாரு. விருத்தாம்பாள் ஒக்காந்து மடியத் தொட்டா. செவல கால அசைக்கல, செம்பு நொரச்சி நெறஞ்சிது. கூட்டம் கன்னத்துல போட்டுக்கிச்சி.

"மாட்ட என்னா பண்றது தாயீ, நீயே சொல்லு" ன்னாரு ராமாமிர்தம்.

தில்லைநாதன் கற்பூரத் தட்டோட நின்னுகிட்டிருந்தான். அவ அவனப் பாத்தா. தான் திரிச்ச கயிறு தன் கழுத்துல விழுந்தது அப்பத்தான் அவனுக்குத் தெரிஞ்சிது.

"மாடு இங்க நிக்கட்டும்" ன்னா. "பொட்டி பரங்கிப்பேட்ட போவட்டும். மரைக்காயரு குடுக்கறத மாட்டு வெலைக்கிப் புவனகிரிக்காரரு வாங்கிக்கட்டும்."

முடியாதுன்னு சொன்னா உலக்க கத வெளிய வரும். ஆத்தா உத்தரவுன்னான். கும்பிட வந்தவங்க வண்டி ஒண்ணுல ஏத்துங்கன்னு கூட்டமே பொட்டியத் தூக்கிச்சி, உள்ள இருந்த ஐஸ ஆளுக்கு ஒரு துண்டு பிரசாதம்னு வாயில போட்டுகிட்டு.

வண்டி தெரு மொனை திரும்பற வரைக்கும் விருத்தாம்பாள் பாத்துகிட்டு நின்னா. அப்புறம் மாட்டக் கொட்டாயில கட்டிட்டு வெளிய வந்தா. கடியாரத்தக் கொண்டாந்த பொம்பள அவ கால்ல விழுந்து, ஆத்தா இதயும் ஒரு தடவ தலகீழா நிறுத்துன்னா.

"ஏந்திரு" ன்னா அவ. "என் மேல எவளும் வரல. அந்தப் பொட்டி சாவணும்னுதான் உலக்கையால கவுத்தேன். சனியன், பொழச்சிக்கிச்சி."