பாலிஷ் போடக் கூடாத அலமாரி

ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு எங்கள் நமாகாத் தெருவில் இந்திய வம்சாவளியினர் பலர் நாட்டை விட்டுக் கிளம்ப, வீட்டுக்கு வீடு சாமான் விற்றார்கள். சென்னையிலிருந்து பிஜிக்கு ஆசிரியையாகப் புதிதாக வந்திருந்த நான், நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குக் குடிபெயரவிருந்த ஓர் அம்மாளிடம் அலமாரி வாங்கப் போனேன். குட்டையான உருவம், பூப்போட்ட கவுன். வாய் பேசிக்கொண்டே இருக்கும். கை மெல்லிய பருத்தித் துணியால் எதையாவது துடைத்துக்கொண்டே இருக்கும். அலமாரி சாம்பல் நிறம், பளபளப்பே இல்லாத மேட் பூச்சு.

விலை கேட்டேன். பதிலுக்கு அவர், அந்த ஊர் இந்தி கலந்த தமிழில், "நீ எப்படி சாஃப் பண்ணுவே, எப்படித் துடைப்பே?" என்றார்.

"பாலிஷ் போட்டு..."

"நஹி, நஹி! பாலிஷ் போட்டா திட்டுத் திட்டா மினுக்கும். முன்னே வந்தவனும் அதான் சொன்னான், போடான்னுட்டேன். சோப்புத் தண்ணியில துணிய நனைச்சு நல்லாப் பிழி. மெதுவாத் துடை. உடனே காஞ்ச துணியால ஒத்தி எடு. அழுத்தித் தேய்க்காதே."

"அப்படியே செய்றேங்கம்மா" என்ற பிறகுதான் விலை சொன்னார். அன்று மாலையே அலமாரி என் வீட்டுக்கு வந்துவிட்டது.

அம்மாள் குடும்பம் கிளம்பிய நாளில், நாடி விமான நிலையம் போகும் வழியில் டாக்சி என் வாசலில் நின்றது. அம்மாள் மட்டும் இறங்கி நேராக அலமாரியிடம் போனார். கதவெல்லாம் என் விரல் தடம். திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவரோ கதவைத் திறந்து, உள்ளே இருந்த என் புடவைகளையும் புத்தகங்களையும் பார்த்தார்.

"நெறஞ்சிருக்கு" என்றார். "எங்க வூட்டுல இப்போ பேசினா குரல் திரும்பி வருது. நெறஞ்ச எடத்த ஒருவாட்டி பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

வெளியே அவர் கணவர் டாக்சிக்காரரை ஹாரன் அடிக்கச் சொல்லிவிட்டார். அம்மாள் சிரித்துக்கொண்டே போய் ஏறினார். பிறந்த நாட்டை விட்டுப் போகிறவர், நேற்று வந்த நான் குடியமர்ந்ததைப் பார்த்து எப்படி அவ்வளவு சந்தோஷப்பட்டார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.