ரோஸ் கட்டடத்தில் ஒரு வருடம்

சந்திரம்மாளுக்குப் பெருமை ஒரு வியாதி. வேறு கெட்ட பழக்கம் எதுவும் அவளிடம் கிடையாது.

ஒரகடத்தில் கார் சாமான் செய்கிற ஒரு கம்பெனியின் கேன்டீனில் தட்டு கழுவுகிறாள். கான்ட்ராக்ட் வேலை. பதினாலு வருடம் வெந்நீரிலும் சோப்பிலும் ஊறி அவள் விரல்களில் ரேகை தேய்ந்துவிட்டது. விரல் வைக்கிற அட்டென்டன்ஸ் மிஷின் அவளைக் கண்டாலே கத்தும்.

"உனக்கு விரலே இல்லன்னு சொல்லுதும்மா மிஷினு" என்பான் சூப்பர்வைசர். வரிசையே சிரிக்கும். இவளும் சிரிப்பாள்.

"எம்பொண்ணு டாக்டராவட்டும். உன் மிஷினுக்கு ஊசி போடச் சொல்றேன்."

மகள் பெயர் வினோதினி. அவள் ஆக நினைத்தது மாட்டு டாக்டர். அந்த ஆசை வந்ததற்கும் சந்திரம்மாள்தான் காரணம். வீட்டில் ஒரு பசு இருந்தது. கேன்டீனில் மிஞ்சிய சோற்றை வாளி வாளியாகக் கொண்டுவந்து அதற்குக் கொட்டினாள். மனுஷன் தின்கிற நல்ல பொன்னிச் சோறு, மாட்டுக்குக் கொடுப்பினை என்று நினைத்தாள். மூன்றாம் நாள் பசு வயிறு உப்பிப் படுத்துவிட்டது. ஸ்கூட்டியில் வந்த டாக்டரம்மா, "இவ்ளோ சோறு போட்டா மாடு சாவும்னு ஒருத்தரும் உனக்குச் சொல்லலையா?" என்று கேட்டபடி ஊசி போட்டார். பொழுது சாய்வதற்குள் பசு செத்தது. வினோதினிக்கு அப்போது எட்டாவது. பசுவுக்காக அழாமல், டாக்டரம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்ததைச் சொல்ல வேண்டும். அதில் எனக்குப் பங்கு உண்டு.

அப்போது நான் வல்லக்கோட்டை ரோட்டில் இருந்த ஒரு மெட்ரிக் பள்ளிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ரோஸ் பெயின்ட் அடித்திருந்ததால் ஜனங்கள் அதை ரோஸ் கட்டடம் என்றார்கள். நான் பிடித்துவருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி எனக்கு ஒரு மாத டீசல் கொடுப்பார். வினோதினி ஐந்தாவது முடித்திருந்தாள். சந்திரம்மாளை அவள் வேலைக்குப் போகிற பஸ் ஸ்டாப்பிலேயே பிடித்தேன்.

"கவர்மென்ட் ஸ்கூல்ல போடு. உன்ன மாதிரியே தட்டு கழுவும்" என்றேன்.

அவள் முகம் செத்துவிட்டது. மறுவாரம் அட்வான்ஸ் கட்டினாள். புருஷன் நரசிம்மன் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. அவன் கத்தியதை அவள் காதில் வாங்கவில்லை. வருடம் முழுக்க ஓட்டி, அதாவது ஓவர்டைம், பார்த்தாள். காலையில் வேன் வருகிற நேரத்துக்குத் தெருவில் நின்று, நாலு பேர் பார்க்கிற மாதிரி மகளின் கழுத்து டையை இறுக்குவாள். ஏற்கெனவே இறுகித்தான் இருக்கும்.

அந்த ஒரு வருடத்தில் பிள்ளை உருப்படியாகக் கற்றது இங்கிலீஷைச் சேர்த்துச் சேர்த்து எழுதுகிற கூட்டெழுத்து ஒன்றைத்தான். எழுத்து விட்டுப்போனால் விரல் முட்டியில் ஸ்கேலால் அடிக்கிற டீச்சர் ஒருத்தி இருந்தாள். கடைசிப் பரீட்சையில் ஃபீஸ் பாக்கி என்று வினோதினியை வராந்தாவில் தரையில் உட்காரவைத்தார்கள். சந்திரம்மாள் வந்து பார்த்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். ஏழாவதிலிருந்து ஊர் அரசுப் பள்ளி. ரோஸ் கட்டடம் கொரோனாவில் மூடியது. இப்போது அது திருநெல்வேலிப் பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பெண்கள் தங்குகிற ஹாஸ்டல்.

அவளை அங்கே சேர்த்தபோது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு சட்டமே கிடையாது. பிறகு வந்தது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மாட்டு டாக்டர் மாதிரிப் பெரிய படிப்புகளில் தனி ஒதுக்கீடு, கட்டணமும் இல்லை. வினோதினி ப்ளஸ் டூவில் பள்ளியிலேயே முதல். தலைமையாசிரியை மஞ்சுளா டீச்சர் அம்மாவையும் மகளையும் எதிரில் உட்காரவைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இந்தக் கோட்டாவுல போனா சீட்டு கையில. பொதுவுல போனா உன் மார்க்கு வாசப்படி தாண்டாது" என்றார். அப்புறம் கம்ப்யூட்டரைத் திறந்தார். ஆறாவது படித்த வருடத்துக்கு நேராக ஒன்றுமே இல்லை. மூடிப்போன பள்ளி எதையும் ஏற்றவில்லை.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்று சான்றிதழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சந்திரம்மா, இது என் வேலைக்கே உலை வெக்கற விஷயம். எங்கயும் வாயத் திறக்காத."

சந்திரம்மாள் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் கற்பூரம் ஏற்றி, மகள் தலைமேல் கைவைத்து, திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தாள்.

சான்றிதழ் சரிபார்க்கச் சென்னைக்கு என் வேனில்தான் போனோம். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை தாண்டும் வரை வினோதினி அம்மாவைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"ம்மா, ஆறாவது எங்க படிச்சேன்?"

"கவர்மென்ட்டு."

"ஏழாவது?"

"கவர்மென்ட்டு."

"எட்டாவது?"

"எல்லாம் கவர்மென்ட்டுன்னு சொல்டேன்ல. லூசாடி நானு?"

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி நரைத்த தலை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கெட்ட மனுஷன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் காரியம் நடந்திருக்கும். எல்லாத் தாளையும் பார்த்து முடித்து, ஸ்டாம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு ஃபாரத்தை நிரப்பச் சொன்னார். வினோதினி எழுத எழுத அவர் எட்டிப் பார்த்தார்.

"அடடா. இப்பல்லாம் பசங்க கோழி கிறுக்கின மாதிரி எழுதுது. இதப் பாருங்க, அச்சு மாதிரி. யாரும்மா கத்துக்குடுத்தாங்க?"

"எங்க ஸ்கூல் டீச்சர் சார்" என்றாள் வினோதினி, தலையை நிமிர்த்தாமல்.

நான் வாசலில் நின்றேன். சந்திரம்மாளின் கழுத்து உயர்வது தெரிந்தது. அந்த மாதிரிச் சட்டை போட்ட ஒருத்தர் அவளுக்குச் சொந்தமான எதையும் அதுவரை நல்லது என்று சொன்னதில்லை.

"இது ஆறாவது மெட்ரிக்ல படிச்சிச்சி சார்" என்றாள். "அங்க கத்துக்கினது. நான்தான் ஓட்டி பாத்து சேத்தேன்."

மகளின் பேனா நின்றது.

அதிகாரி ஸ்டாம்பைத் திரும்ப அதன் பெட்டியில் வைத்தார். "எந்த வருஷம்மா?"

சந்திரம்மாளுக்கு அப்போதும் உறைக்கவில்லை. வருடத்தைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னாள். போதாதென்று திரும்பி என்னைக் காட்டினாள்.

"அந்த வேன் ஓட்னவரே வந்துகிறாரு சார். கேளுங்க."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். வினோதினியும் பார்த்தாள். இந்தம்மா உளறுது சார் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். பொய்ச் சான்றிதழ் கொடுத்தால் போலீஸ் நடவடிக்கை என்று சுவரில் ஒட்டியிருந்தது. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

அவர் ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்து, "ஏம்மா சொன்னீங்க?" என்றார். கோட்டா என்ற கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். "பொண்ணு வாழ்க்கைக்காக இதோட விடறேன். பொதுப் பட்டியல்ல பாத்துக்குங்க."

வண்டி பூந்தமல்லி தாண்டியது. சந்திரம்மாள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"அவுரு நல்லாத்தானே கேட்டாரு. நானும் நல்லதத்தானே..."

"பசுவுக்கும் நீ நல்ல சோறுதாம்மா போட்ட" என்றாள் வினோதினி.

பொதுப் பட்டியலில் அவளைக் கூப்பிடவில்லை. ஊர்ப் பக்கத்து ஆர்ட்ஸ் காலேஜிலாவது சேர்க்கலாம் என்று பார்த்தால், படிக்கிற பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற திட்டத்துக்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு கேட்டார்கள். அதிகாரி விட்டாலும் விஷயம் மேலே போய், மஞ்சுளா டீச்சருக்கு மேலிடத்திலிருந்து மெமோ வந்திருந்தது. அவர் இவர்களைப் பள்ளி கேட்டுக்குள்ளேயே விடவில்லை. நரசிம்மன் நடுத்தெருவில் நின்று கத்தினான்.

"பதினாலு வருசமா எவன் இன்னா சொன்னாலும் ஈன்னு இளிச்சிக்கினு தட்டு கழுவத் தெரிஞ்சிது. ஒரு நிமிசம் பொத்திக்கினு ஒக்காரத் தெரில ஒனக்கு. போதும்டி. ப்ளஸ் டூ பாஸு, போன் கம்பெனி லைன்ல எடுத்துக்கறான். போவட்டும்."

இப்போது நான் ஒரு போன் கம்பெனிக்கு ஷிஃப்ட் வேன் ஓட்டுகிறேன். முதல் ஸ்டாப் அந்த ரோஸ் கட்டடம்தான். மூன்றாவது ஸ்டாப்பில் வினோதினி ஏறுவாள். ஏறுகிற பெண்கள் தாளில் பெயரும் நம்பரும் எழுத வேண்டும். அவள் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, கோணல் மாணலாக, ஒன்றாவது பிள்ளை மாதிரி எழுதுகிறாள். சீக்கிரம் எழுதவும் முடியவில்லை. அப்படித்தான் எழுதுகிறாள்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "அந்த எழுத்து எங்கம்மா போச்சு?"

"அது உங்க ஸ்கூல்ல கத்துக்கினது மாமா. உங்களுக்கு டீசல் வந்துச்சில்ல? வண்டிய எடுங்க."

டீசல் விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

தினமும் சந்திரம்மாள் டிபன் பாக்ஸோடு ஸ்டாப்பில் நிற்பாள். மகள் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு ஏறுவாள். போன வாரம், அதே ஸ்டாப்பில் கேன்டீன் பஸ்ஸுக்கு நின்ற ஒருத்தி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இன்னா சந்திரா, டாக்டரம்மா டூட்டிக்குக் கெளம்பிட்டாங்களா?"

பழைய சந்திரம்மாளாக இருந்தால் ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். வாயைத் திறந்தாள். வேன் ஜன்னலில் மகள் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிக்கொண்டாள்.

நான் கியரைப் போட்டேன்.