விளையாட வரும் மொழி

நியூஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வசிக்கிறோம். எங்கள் மூன்று வயது மகன் கவினுக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும், உடன் வேலை செய்யும் நண்பர், "ரெண்டு பாஷை பேசினா குழந்தை கன்ஃப்யூஸ் ஆயிடும். இங்கிலீஷ் மட்டும் பேசுங்க ப்ரோ" என்றார். வீட்டுக்கு வந்து பயிற்சி தரும் தெரபிஸ்ட்டிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தமிழை நிறுத்திவிட்டோம்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். என் ஆங்கிலம் அலுவலகத்துக்குப் போதும், பிள்ளையைக் கொஞ்ச வராது. கொஞ்ச நாளில் கவின் என் முகத்தைப் பார்ப்பதே குறைந்துபோனது. பயந்துவிட்டோம்.

ஒருநாள் பயிற்சியின் நடுவே அவன் மேசைக்கடியில் புகுந்துகொண்டான். தெரபிஸ்ட் கூப்பிட்டும் வரவில்லை. என்னையறியாமல், "அய்யய்யோ, கவினைக் காணோமே! எங்கடா போனான்?" என்றேன். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. நான் மறுபடி வாயெடுத்தபோது, பொறுங்கள் என்று தெரபிஸ்ட் கைகாட்டினார். கவின் தலையை நீட்டி, என் கண்ணைப் பார்த்து, "காணோம்!" என்றான்.

"ஏங்க, உங்க மூஞ்சியப் பாத்து சொல்றான் பாருங்க!" என்று என் மனைவி அழுதேவிட்டாள்.

நண்பர் பேச்சைக் கேட்டுத் தமிழை நிறுத்தியதைத் தெரபிஸ்ட்டிடம் சொன்னோம். இரண்டு மொழியால் கெடுதல் இல்லை, உங்களுக்கு விளையாட வரும் மொழியை ஏன் விட்டீர்கள் என்று தெரபிஸ்ட் செல்லமாகக் கடிந்துகொண்டார்.

இப்போது யார் யோசனை சொன்னாலும் முதலில் தெரபிஸ்ட்டைக் கேட்கிறோம். வீட்டில் தமிழ்தான். ஒன்று சொல்லிவிட்டு, கவினின் பதிலுக்காக வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். நேற்று அவனே ஒரு துண்டை எடுத்துவந்து என் தலையில் போட்டு, "அப்பா காணோம்" என்றான்.