வக்கீலிடம் மட்டும் சொன்னது

அப்பாவின் வீட்டில் பங்கு கேட்டு அண்ணன் மேல் வழக்குப் போட, புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு வக்கீலிடம் போனேன். வக்கீல்தானே என்று அவர் கேட்காததையும் சொன்னேன். மகள் பிறந்ததும் எனக்கு மனசு சரியில்லாமல் போய், வெளியூர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்தேன். கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. மகளிடமே சொன்னதில்லை.

வழக்கு நகரவே இல்லை. வேறு வக்கீலைப் பிடித்தேன். நான் கூண்டில் ஏறிய அன்று, என் அண்ணன் பக்கம் குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர் அதே பழைய வக்கீல்.

"பிரசவத்துக்கு அப்புறம் மனநல ஆஸ்பத்திரியில இருந்தீங்களா, இல்லையா?"

அண்ணனே திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். ஆமாம் என்றேன்.

விடுவேனா? புகார் கொடுத்தேன். சென்னையில் வக்கீல்களை விசாரிக்கும் குழுவின் முன்னால், "இந்தம்மா என்கிட்ட அப்படி எதுவும் சொன்னதே இல்லைங்க" என்று கூசாமல் புளுகினார்.

"என்ன சொன்னீங்கன்னு உங்க வாயால சொல்லுங்கம்மா" என்றார் குழுவில் மூத்தவர். சொன்னால்தான் புகார் நிற்கும். சொன்னேன். துணைக்கு வந்த மகள் பக்கத்தில் இருப்பது எனக்கு உறைத்தபோது, பாதிக்கு மேல் சொல்லிவிட்டிருந்தேன்.

அவர் ஒரு வருஷம் எந்தக் கோர்ட்டிலும் வாதாடக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஜெயித்துவிட்டாய் என்றார்கள் தெரிந்தவர்கள். எனக்கோ விசாரணை முடிந்து சென்னையிலிருந்து அன்று திரும்பி வந்த பஸ்தான் ஞாபகம். மரக்காணம் தாண்டும்போது மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்னாலதானாம்மா?"